மறுதரப்பு உறுதிசெய்யவில்லை

ஹெஸ்ட்வேர் தீவு
26 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நானும் எல்ட்ரிட்டும் நலம். போன வாரக் காற்றில் படகுக் கொட்டகையின் தகரம் இரண்டு பறந்துபோய் பாதிரியார் வீட்டுக் கொல்லையில் விழுந்தன. திருப்பிக் கேட்கப் போனால், "கோழிக்கூண்டுக்குக் கூரை வேணும்னு நேத்துதான் வேண்டிக்கிட்டேன், பியார்ட்டே. அனுப்பினவர் கேட்டா தரேன்" என்கிறார். அவரோடு யார் வழக்காடுவது!

என் வலது காது அப்படியேதான் இருக்கிறது. இருபது வருடம் தண்ணீருக்கடியில் கிடந்தவனுக்கு ஒரு காதாவது மிஞ்சியதே என்கிறார் டாக்டர். இனி முக்குளிக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர் பேச்சில் மாற்றமில்லை. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்ட்ரிட்டைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். நான் கேட்கத் தவறியதை அவள் உரக்கச் சொல்லுவாள். அதனால்தான் முக்கியமான விஷயத்தைக் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மீன்பண்ணைக்காரர்கள் இப்போது வலை கழுவ, படகு எடுக்க, முக்குளிப்பவரைக் கூப்பிட என்று எதற்கும் இன்டர்நெட்டில் இருக்கும் சேவைப் பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள். அதில் இல்லாதவனுக்கு வேலை இல்லை. என் படகுச் சேவையும் அதில் இருக்கிறது. ஆனால் தனி ஆளாக இருக்கிறது. போன செவ்வாய் பண்ணை மேனேஜரிடம் வடக்குத் தண்ணீர்ப் பண்ணைகளின் வேலை முழுவதையும் கேட்டேன்.

"நீ மிக்லபுஸ்ட் கம்பெனிக்கு யாரு? படகை வாடகைக்கு விடறவன்தானே?" என்றார்.

"அது எங்க அப்பா ஆரம்பிச்ச கம்பெனி. இப்ப நடத்தறது என் அக்கா."

"பதிவேட்டுல அப்படி ஒண்ணும் காணோமே, தம்பி."

பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று எழுத அதில் ஓர் இடம் இருக்கிறது. தாய்க் கம்பெனி, கிளை, கூட்டாளி, பணிப் பொறுப்பாளர் என்று நாலைந்து வகை. நான் "கூட்டாளி" என்று எழுதி அனுப்பினேன். உடனே மஞ்சள் எழுத்தில் வந்தது: "மறுதரப்பு உறுதிசெய்யவில்லை." இரண்டு பக்கமும் ஒரே உறவை ஒரே மாதிரி சொன்னால்தான் ஊர் கண்ணுக்குத் தெரியுமாம். அதுவரை உன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் மட்டும்தான்.

நீ ஒரு பட்டனை அமுக்கினால் போதும் அக்கா. உனக்கு ஒரு தொந்தரவும் வராது. வடக்குத் தண்ணீரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. நீ பெயரை மட்டும் கொடு.

எல்ட்ரிட் உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
பியார்ட்டே


ஓலெசுன்
20 மார்ச் 2006

அன்புத் தம்பி பியார்ட்டே,

கடிதம் கிடைத்தது. நலம். முழங்கால் பரவாயில்லை. இங்கே இன்னும் பனி உருகவில்லை. காதைக் குளிரில் காட்டாதே. எல்ட்ரிட்டின் அம்மாவுக்கு உடம்பு எப்படி?

வடக்குப் பண்ணைகளின் வலைகளைப் பார்க்க ஏப்ரல் முதல் வாரம் முக்குளிப்பவர் ஒருவரை அனுப்புகிறேன். லித்துவேனியாக்காரர், பெயர் வித்தேனிஸ். அனுபவசாலி. உங்கள் மாடியறையில் தங்க வை. உன் படகைத்தான் எடுக்கிறோம்.

பதிவேட்டு விஷயத்தை நேரிலோ போனிலோ பேசிக்கொள்ளலாம். அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேலை குவிந்து கிடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
குன்வோர்


ஹெஸ்ட்வேர் தீவு
9 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? எல்ட்ரிட்டின் அம்மா எழுந்து நடமாடுகிறார். நீ விசாரித்ததைச் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

வித்தேனிஸ் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர் அக்கா! நாற்பது வயதிருக்கும். வந்த முதல் நாளே எல்ட்ரிட்டை அடுப்படியிலிருந்து துரத்திவிட்டு பீட்ரூட்டில் ஒரு சூப் வைத்தார். அது ஆறினபிறகுதான் குடிக்க வேண்டுமாம். "சூடு பண்ணித் தரவா?" என்று எல்ட்ரிட் கேட்டதற்கு, "கொலைகூட மன்னிப்பாங்க எங்க ஊர்ல, இதை மன்னிக்க மாட்டாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை மனைவி ரசாவுக்குப் போன் செய்வார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது, ஆனால் எதற்கோ திட்டு வாங்குகிறார் என்று மட்டும் தெரியும். வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்பார்.

ஒன்று கேட்க வேண்டும். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் உடை மாட்டிக்கொண்டு மேலே தயாராக நிற்க வேண்டும் என்பது விதி. நீ ஒருவரைத்தான் அனுப்பியிருக்கிறாய். இரண்டாமவர் எப்போது வருவார்? வித்தேனிஸும் தினமும் கேட்கிறார். என்னால் இறங்க முடியாது என்பது உனக்கே தெரியும். இதுவரை கரையோரம், ஆழமில்லாத வலைகளாகப் பார்த்துச் சமாளிக்கிறோம். வெளிப்பண்ணை வலைகள் இருபது மீட்டருக்கும் கீழே போகின்றன. இரண்டாமவர் வராமல் அங்கே ஆளை இறக்குவது சரியில்லை. சீக்கிரம் அனுப்பு.

பதிவேட்டைத் தினமும் பார்க்கிறேன். இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. பரவாயில்லை, உனக்கு ஆயிரம் வேலை.

உன் தம்பி,
பியார்ட்டே


ஹெஸ்ட்வேர் தீவு
14 மே 2006

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள். வியாழக்கிழமை நடந்ததைப் போனில் உன்னிடம் எல்ட்ரிட்தான் சொன்னாள். என் வாயால் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் நாம் பேசியபடியே வெளிப்பண்ணைக்குப் போனோம். நீரோட்டம் அதிகம். வித்தேனிஸ் உடை மாட்டிக்கொண்டு படகு விளிம்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "சரி, போலாமா?" என்றார். நான் போகலாம் என்றேன்.

பத்து நிமிடம் வரை கயிற்றில் சமிக்ஞை வந்தது. ஓர் இழுப்பு என்றால் நலம். அப்புறம் நாலைந்து தடவை வேகமாக இழுத்தார். நான் இழுத்தேன், வரவில்லை. வலைக்குக் கீழே நங்கூரக் கயிற்றில் மாட்டியிருக்கிறது. வயர்லெஸ்ஸில் உதவி கேட்டேன். பக்கத்துப் படகு வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

நான் பழைய உடையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். எட்டு மீட்டரில் காதுக்குள் ஏதோ கிழிந்தது. மேலே எது, கீழே எது என்று தெரியாமல் தலை சுற்றியது. கயிற்றைப் பிடித்தபடி மேலே வந்து வாந்தி எடுத்தேன். மறுபடி இறங்கினேன், ஐந்து மீட்டர்கூடப் போக முடியவில்லை. அப்புறம் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயிறு இழுபடும் இழுபடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் செருப்பு இன்னும் எங்கள் வாசலில் கிடக்கிறது. எல்ட்ரிட் அதை எடுக்கவும் விடவில்லை, அவளால் அதைப் பார்க்கவும் முடியவில்லை.

நீ வந்துவிட்டுப் போனால் தேவலை.

பியார்ட்டே


ஓலெசுன்
22 மே 2006

என் அன்புத் தம்பி பியார்ட்டே,

எப்படி இருக்கிறாய்? காது எப்படி? பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டு. தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? உன்னைத் தனியாக விட வேண்டாம் என்று எல்ட்ரிட்டிடம் சொல். அன்றைக்கு நடந்தது யார் கையிலும் இல்லை. மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. நான் வரத்தான் நினைத்தேன், ஆபீசில் ஆள் இல்லை.

உன் பிப்ரவரி கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தம்பி ஒன்று கேட்டால் மூன்று மாதமா இழுப்பது? அப்பா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார். அந்த மேனேஜர் முன்னால் நீ தலைகுனிந்து நின்றதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. இன்று காலை என் பக்கத்தைப் பதிவுசெய்துவிட்டேன்.

ஒரு சின்ன மாற்றம். "கூட்டாளி" என்பது பதிவேட்டில் வெறும் அலங்காரம், அதற்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. "வடக்குப் பணிகளின் பொறுப்பாளர்" என்று போட்டிருக்கிறேன். அதுதான் உன் அனுபவத்துக்குத் தகுந்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் வெளியே தெரியும் என்று நீதானே எழுதினாய்? எனவே நீ புதிதாக எதுவும் தொடங்காதே. பழைய பதிவைத் திறந்து, வகையை மட்டும் மாற்று. தொடங்கும் நாள் 1 மார்ச் என்று போடு. நீ கேட்டபோதே நான் செய்திருக்க வேண்டியது. இந்த வாரத்துக்குள் முடித்துவிடு.

முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுது. போன் வேண்டாம், உன் காதுக்கு நல்லதில்லை.

எப்போதும் உன்னை நினைக்கும் அக்கா,
குன்வோர்


ஹெஸ்ட்வேர் தீவு
29 மே 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நானும் ஏதோ இருக்கிறேன். வித்தேனிஸின் உடலை வெள்ளிக்கிழமை விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். அவருடைய துணிகளை எல்ட்ரிட் துவைத்துக் காயவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். ரசாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். போனில், "பெட்டியில அவரோட கத்தி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப கயித்தை ஏன் அறுக்கல?" என்றார். கத்தியைப் படகில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார் அக்கா. மேலே இன்னொருவர் நின்றிருந்தால் கவனித்திருப்பார்.

இந்த நேரத்தில் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, ஆனால் உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ சொன்னபடியே செய்தேன். வகையை மாற்றினேன், 1 மார்ச் என்று போட்டேன். பட்டனை அமுக்கியதும் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. நம் இரண்டு கம்பெனியின் பெயரும் ஒரே வரியில்! எல்ட்ரிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூணு மாசமா இல்லாத பாசம் இப்ப எங்கேருந்து வந்தது? மார்ச்னு ஏன் போடச் சொல்றாங்க?" என்றாள். அவளுக்கு எப்போதும் எதிலும் சந்தேகம். அவள் அண்ணன் தம்பிகள் நிலத்துக்கு அடித்துக்கொண்டவர்கள், நம் குடும்பம் அவளுக்குப் புரியாது என்றேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீ கேட்ட ஒரு வரி: வடக்குப் பணிகளின் பொறுப்பாளர் நான் என்பதை மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

நன்றி அக்கா.

உன் தம்பி,
பியார்ட்டே


ஹெஸ்ட்வேர் தீவு
3 ஜூலை 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு தடவை போன் செய்தேன், நீ வெளியே போயிருப்பதாக ஆபீசில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரோடு படகில் வந்தார். காப்பி கொடுத்தோம், குடிக்கவில்லை. பதிவேட்டுப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"இது உங்க பதிவுதானே?"

"ஆமா."

"மார்ச் ஒண்ணுலேருந்து இந்தப் பக்கம் முக்குளிப்பு வேலைக்கெல்லாம் நீங்க பொறுப்பு. இரண்டு தரப்பும் உறுதி பண்ணியிருக்கீங்க. அப்ப இரண்டாவது முக்குளிப்பவரை ஏற்பாடு பண்ண வேண்டியது யாரு?"

"அதை அக்காதான் அனுப்பணும். எப்பவும் அவங்கதான் அனுப்புவாங்க."

"உங்க அக்கா வேற மாதிரி சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

அவர் அந்த அச்சுத்தாளை மடித்துப் பையில் வைத்தார். நான் வகையை மாற்றியது விபத்துக்குப் பிறகுதான் என்று சொன்னேன். "அது தெரியும். பேர் திருத்தம்தான் அப்புறம் நடந்தது, ஏற்பாடு முன்னாடியே இருந்ததுன்னு கடிதங்கள் இருக்கு" என்றார். எந்தக் கடிதங்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் அக்கா. நீ ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நேராகிவிடும். இந்தக் கடிதம் கிடைத்ததும் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுப் பேசு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பியார்ட்டே


ஹெஸ்ட்வேர் தீவு
10 செப்டம்பர் 2006

என் கணவரின் அக்காவுக்கு எல்ட்ரிட் எழுதுவது.

நீங்கள் நலமாக இருப்பீர்கள். கோர்ட்டில் பார்த்தேன், முழங்கால் வலி இல்லாமல் நன்றாகவே நடந்து வந்தீர்கள்.

ஏழு மாதச் சிறை. தீர்ப்பைப் படித்தபோது அவர் இடது காதைத் திருப்பிக்கொண்டு, "என்ன சொன்னார்?" என்று என்னைக் கேட்டார். ஏழு மாதம் என்று அத்தனை பேர் முன்னால் நான்தான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் அப்போது கைப்பையை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

"எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு, நீ பெயரை மட்டும் கொடு" என்று அவர் உங்களிடம் கெஞ்சி எழுதிய கடிதத்தை உங்கள் வக்கீல் படித்தார். "மனமார ஏற்றுக்கொள்கிறேன்" என்ற கடிதத்தையும் படித்தார். அந்த மனிதர் தன் பாசத்தை எழுதினார், நீங்கள் அதை வாக்குமூலமாகக் கொடுத்தீர்கள். ஏப்ரலில் எழுதிய கடிதம் எங்கே? இரண்டாமவரை அனுப்பு, ஆளில்லாமல் இறக்குவது சரியில்லை என்று எழுதினாரே, அதை நான்தான் தபாலில் போட்டேன். அது மட்டும் ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை? நகல் எடுத்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அக்காவுக்கு எழுதும் கடிதத்தை யார் நகல் எடுப்பார்கள்?

மே பதினொன்றாம் தேதி காலை நீங்கள் போனில் பேசினீர்கள். எங்கள் வீட்டில் போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீரோட்டம் ஜாஸ்தி, ஆளும் இல்லை என்று அவர் சொன்னார். அதற்கு நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "பதினேழாம் தேதி தேசிய தின லீவுக்கு முன்னாடி முடிச்சே ஆகணும். ஒரு ஆளே போதும். நீ முடிச்சுக் குடு தம்பி, சாயங்காலமே அந்தப் பட்டனை அமுக்கிடறேன்."

இதைக் கோர்ட்டில் சொல்ல நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆகஸ்டில் நீங்கள் அவரைப் போனில் கூப்பிட்டு, கம்பெனியில் இருபத்தாறு பேர் வயிறு இருக்கிறது, என்னை இழுக்காதே, வெறும் அபராதத்தோடு போய்விடும் என்று சொன்னீர்கள் அல்லவா? அதையும் நான் கேட்டேன்.

அவர் இன்னும் உங்களை "அக்கா" என்றுதான் சொல்கிறார். அதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

எல்ட்ரிட்


ஓலெசுன்
18 செப்டம்பர் 2006

எல்ட்ரிட்,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா நலம் என்று நம்புகிறேன்.

நீ மன வேதனையில் எழுதியிருப்பதால் நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மிக்லபுஸ்ட் குடும்ப விஷயமும் கம்பெனி விஷயமும் உனக்கு முழுதாகத் தெரியாதவை. பதிவேட்டில் இரண்டு தரப்புதான் உண்டு, அதில் நீ இல்லை. இனி எதுவானாலும் வக்கீல் வழியாக எழுது.

பியார்ட்டேவுக்குச் சிறையில் கம்பளிக் காலுறை அனுமதிப்பார்களா என்று விசாரி. நான் இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.

குன்வோர்


மாவட்டச் சிறை
5 நவம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம். சாப்பாடு மோசமில்லை, மீன்தான் வெந்து குழைந்திருக்கிறது. காலுறை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க ரசா வந்தார். லித்துவேனியாவிலிருந்து பஸ்ஸிலும் கப்பலிலுமாக மூன்று நாள். சிறிய உருவம். கறுப்புக் கோட்டின் பொத்தான்களைக் கடைசிவரை கழற்றவில்லை. எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்டார்.

"அவர் உங்களை ஏதாவது கேட்டாரா, இறங்கறதுக்கு முன்னாடி?"

"போலாமான்னு கேட்டார்."

"நீங்க?"

"போலாம்னு சொன்னேன்."

"ஆள் இல்லைன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

அந்த ஏனுக்குக் கோர்ட்டில் யாரும் என்னிடம் பதில் கேட்கவில்லை அக்கா. நான் உண்மையைச் சொன்னேன். அன்று காலை நீ பட்டனை அமுக்குகிறேன் என்றாய். மூன்று மாதமாகத் தினமும் அந்த மஞ்சள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. சாயங்காலம் பச்சையாகிவிடும் என்ற நினைப்பிலேயே ஒரு மனிதரைத் தண்ணீரில் இறக்கினேன். மார்ச் முதல் நான் பொறுப்பு என்பது பொய். ஆனால் அந்தக் காலையில் அவர் என்னைத்தான் பார்த்தார். அந்த அளவுக்கு இந்த ஏழு மாதம் எனக்கு உரியதுதான்.

ரசா அழவில்லை. "நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்றார். கம்பெனி மீது அவர் மனுக் கொடுக்கக் கெடு நவம்பர் 30. என் கையெழுத்து மட்டும் போதாது, தண்டனை வாங்கியவன் பேச்சு எடுபடாது, எழுத்தில் வேறு ஏதாவது வேண்டும் என்று அவருடைய வக்கீல் சொன்னாராம். நான் ஏப்ரல் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அது எங்கே என்று கேட்டார். அக்காவிடம் இருக்கிறது என்றேன்.

"கேட்டா தருவாங்களா?"

தருவாள் என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் உனக்கு எதிராகக் கையெழுத்துப் போட மாட்டேன், முதலில் அக்காவுக்கு எழுதுகிறேன், அவள் நேர்மையானவள் என்றும் சொன்னேன். ரசா என்னை ஒரு மாதிரி பார்த்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, மாதக் கடைசி வரை காத்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தை அனுப்பு அக்கா. இல்லை, நீயே போய் நடந்ததைச் சொல்லிவிடு. எதுவானாலும் எனக்கு ஒரு பதில் எழுது. முடியாது என்றாலும் எழுது. எழுதினால் நான் என் வழியைப் பார்த்துக்கொள்வேன். உன் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாமல் இருக்கிறேன்.

உன் தம்பி,
பியார்ட்டே


ஓலெசுன்
12 டிசம்பர் 2006

அன்புத் தம்பி பியார்ட்டே,

நலமா? உன் நவம்பர் கடிதம் அப்போதே கிடைத்துவிட்டது. ஆண்டுக் கடைசி வேலையில் உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. தவறாக நினைக்காதே.

அந்த அம்மாள் 1-ஆம் தேதி ஊருக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாவம், குளிரில் வந்து அலைந்திருக்க வேண்டாம். ஏப்ரலில் உன்னிடமிருந்து கடிதம் வந்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டிலும் ஆபீசிலும் தேடச் சொன்னேன், இல்லை. தீவுத் தபால் எப்போதும் அப்படித்தான்.

உன் படகுச் சேவை மூடப்பட்டுவிட்டதால் பதிவேட்டில் என் பக்கத்தை எடுத்துவிட்டேன். நீ எதுவும் செய்ய வேண்டாம். உன் பக்கம் அப்படியே இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

வடக்குப் பண்ணைகளைக் கைவிட முடியாது என்பதால் பெர்கனிலிருந்து ஒரு கம்பெனியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல மாதிரியானவர்கள். "கூட்டாளி" என்றே போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். சரி என்று அன்று மதியமே இரண்டு பக்கமும் உறுதிசெய்து முடித்தோம்.

உன்னிடம் ஓர் உதவி. ஜனவரியில் அவர்களுடைய முக்குளிப்பவர்கள் ஹெஸ்ட்வேருக்கு வருகிறார்கள். தீவில் தங்க வேறு இடம் இல்லை. நான் கேட்டால் எல்ட்ரிட் மறுப்பாள், நீ எழுதினால் கேட்பாள். உங்கள் மாடியறையை விடச் சொல். கட்டில் இன்னொன்று போட வேண்டியிருக்கும், இரண்டு பேர் வருகிறார்கள். இப்போதெல்லாம் நாங்கள் யாரையும் தனியாக இறக்குவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு என் வாழ்த்து.

அன்புடன் அக்கா,
குன்வோர்